கேனோபியைக் கொதிக்க வைக்காதீர்கள்

ஐயா,

தங்கள் நாளிதழின் ஞாயிறு மாணவர் பக்கத்தில், மாதிரி விமானத்தின் கேனோபிக்கு (விமானி அறையை மூடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி) துணிச் சாயத்தால் புகை நிறம் ஏற்றும் செய்முறை வந்திருந்தது. கல்லூரி மாணவர்களும் என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களும் ஆவலோடு படிக்கும் பகுதி என்பதால்தான் இதை எழுதுகிறேன். கொதிக்கும் நீரில் சாயத்தைக் கரைத்துக் கேனோபியைப் பத்து நிமிடம் போடச் சொல்லியிருந்தார்கள். அப்படிச் செய்தால் கேனோபி நெளிந்து சுருங்கிவிடும். நிறமும் சரியாக ஏறாது. சூடு, சாயம் இரண்டுமே தவறு.

முதலில் சாயம். கடையில் 'துணிச் சாயம்' என்று கேட்டால் பெரும்பாலும் பருத்திக்கான சாயத்தைத்தான் கொடுப்பார்கள். திருப்பூர் பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் பருத்தி நூலைப் பிடிக்கும், பிளாஸ்டிக்கைப் பிடிக்காது. கேட்டு வாங்க வேண்டியது பாலியஸ்டருக்கான டிஸ்பர்ஸ் சாயம். இது நீரில் அநேகமாகக் கரையாமல் நுண்துகளாக மிதக்கும். சூட்டில் பிளாஸ்டிக் சற்று இளகும்போது அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பெயின்ட் போல மேலே படிவதில்லை என்பதால் நகத்தால் சுரண்டினாலும் உரியாது. கண்ணாடிக் கடைகளில் பிளாஸ்டிக் லென்ஸுக்கு நிறம் ஏற்றுவதும் இதே முறையில்தான்.

அடுத்தது சூடு. எவ்வளவு சூடு தாங்கும் என்பதைப் பிளாஸ்டிக்கின் வகைதான் தீர்மானிக்கிறது. இப்போது வரும் கேனோபிகளில் பல பி.இ.டி.ஜி. என்ற தெளிவான பிளாஸ்டிக் தகட்டைச் சூட்டில் இளக்கி, வேக்யூமால் அச்சின் மேல் இழுத்துச் செய்தவை. இது 80 டிகிரி செல்சியஸ் அருகில் இளகிவிடும். 70-ஐத் தொட்டாலே ஓரங்கள் வளையத் தொடங்கலாம் என்பதால் 65-ஐத் தாண்டக் கூடாது. குளிர்பான பாட்டிலை அச்சில் மாட்டி ஹாட் ஏர் கன்னால் சுருக்கிச் செய்த கேனோபி இன்னும் மோசம். அதற்குள் சுருங்கும் குணம் மிச்சம் இருக்கும், 60-லேயே நிறுத்துங்கள். பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக் 140 டிகிரிக்கு மேல்தான் இளகும், ஆகவே 85 வரை பயமில்லை. எந்த வகை என்று தெரியாவிட்டால் வெட்டி எறியும் ஓரத் துண்டு ஒன்றைக் கொதிநீரில் போட்டு இடுக்கியால் வளைத்துப் பாருங்கள். துவண்டு போனால் 65 டிகிரி கணக்கு. விறைப்பாகவே நின்றால் பாலிகார்பனேட்டாக இருக்கலாம். ஒட்டிச் செய்யும் கிட்டுகளில் வரும் ஸ்டைரீன் பிளாஸ்டிக் கேனோபிக்கு இந்த முறையே வேண்டாம். உள்பக்கம் தமியா எக்ஸ்-19 ஸ்மோக் என்ற புகை நிறப் பெயின்ட்டை மெல்லியதாக ஸ்ப்ரே செய்வது நல்லது.

காய்ச்சலுக்கு வைக்கும் தெர்மாமீட்டர் 42 டிகிரியோடு நின்றுவிடும், சூட்டில் உடைந்தும் போகும். 110 டிகிரி வரை காட்டும் ஆய்வகத் தெர்மாமீட்டர்தான் வேண்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும். அதில் ஒரு லிட்டரோடு ஒரு லிட்டர் கொதிநீரைக் கலந்தால் 65-க்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். அந்தப் பாத்திரத்தை நேரே அடுப்பில் வைக்காமல், வெந்நீர் உள்ள அகலப் பாத்திரத்துக்குள் இறக்கி வையுங்கள். அடியில் ஒரு தட்டையும் போடுங்கள். சூடான அடிப்பாகத்தில் கேனோபி பட்டால் பட்ட இடம் மட்டும் குழிந்துவிடும்.

லிட்டருக்கு 5 கிராம் சாயப்பொடி போதும். ஒரு டம்ளர் கொதிநீரில் பொடியைக் குழைத்து, இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டிய பிறகே பெரிய பாத்திரத்தில் ஊற்றுங்கள். வடிகட்டாவிட்டால் கரையாத துகள் ஒட்டிய இடமெல்லாம் கரும்புள்ளி விழும், அதை அழிக்க வழியில்லை. நிறம் சீக்கிரம் ஏறட்டும் என்று அசிட்டோன் கலப்பவர்கள் உண்டு. பி.இ.டி.ஜி.யும் பாலிகார்பனேட்டும் அதில் மயிரிழை போல விரிசல் விட்டு வெளிறிவிடும்.

கேனோபியை அளவுக்கு வெட்டும் முன்பே சாயம் ஏற்றுவது நல்லது. சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் ஓரம் இருந்தால் வடிவம் நிற்கும், துளையிட்டுக் கம்பியில் மாட்டவும் வசதி. சோப்பு நீரில் கழுவிய பின் விளிம்பைத் தவிர எங்கும் தொடாதீர்கள். ஒரு கைரேகைப் பிசுக்கு போதும், அந்த இடத்தில் சாயம் ஏறாமல் ரேகையே வெளிர் படமாகத் தெரியும். பாலிகார்பனேட்டில் பாதுகாப்புப் படலம் இருந்தால் உரித்துவிடுங்கள், இல்லையேல் சாயம் அதன் அடியில் ஊர்ந்து திட்டுத் திட்டாகும். சாய்த்துப் பிடித்து, நிறுத்தாமல் ஒரே மூச்சில் முழுக்குங்கள். பாதியில் நிறுத்தினால் அங்கே ஒரு கோடு விழும். குழிவுக்குள் சிக்கிய காற்று வெளியேறும் வரை புரட்டி, பிறகும் ஆட்டிக்கொண்டே இருங்கள்.

மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் அலசி, வெள்ளைத் தாளின் மேல் பிடித்துப் பாருங்கள். மெல்லிய புகை நிறம் ஐந்து நிமிடத்திலும் வரலாம், அரை மணியும் ஆகலாம். பொறுமை இழந்து அடுப்பைக் கூட்டாதீர்கள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றும்போதே நிறுத்துவது நல்லது. விமானத்தில் பொருத்திய பின் பார்வை கேனோபியின் இரண்டு பக்கச் சுவரையும் கடந்து போகிறது, நிறம் இரட்டிப்பாகத் தெரியும்.

கறுப்புச் சாயம் பெரும்பாலும் பல சாயங்களின் கலவை. எல்லாம் ஒரே வேகத்தில் ஏறாததால் மெல்லிய சாயலில் ஊதாவாகவோ பழுப்பாகவோ காட்டும். ஊதா அடித்தால் துளி மஞ்சள், பழுப்பு அடித்தால் துளி நீலம் சேர்த்து, ஓரத் துண்டில் சோதித்த பிறகே கேனோபியைப் போடுங்கள். எஃப்-16 போர் விமான மாதிரிக்கு மஞ்சளும் சிறிது பழுப்பும் பொருந்தும். அசல் விமானங்கள் பலவற்றில் ரேடாரில் எளிதில் தெரியாமலிருக்கப் பூசிய மெல்லிய படலம் அந்தச் சாயலைத் தருகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்பிட்ஃபயர் விமானத்துக்குத் தயவுசெய்து நிறம் வேண்டாம், அதன் கேனோபி தெளிவானது.

சாயம் ஏற்றிய பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பக் கூடாது என்ற எச்சரிக்கையும் அந்தச் செய்முறையில் இல்லை. டிஸ்பர்ஸ் சாயங்கள் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தருபவை. கையுறை கட்டாயம், பொடியை அளக்கும்போது முகக் கவசமும் வேண்டும். ஒட்டும்போது சூப்பர் க்ளூவின் ஆவி கேனோபியில் வெண்படலமாகப் படியும். நிறம் ஏறிய கேனோபியில் அது இன்னும் பளிச்சென்று தெரியும் என்பதால், காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசையைத் தடவி டேப் போட்டு ஓர் இரவு விடுவதே சரி.

அந்தச் செய்முறையை வெட்டி வைத்திருக்கும் மாணவர்களுக்காக, 'கொதிக்கும் நீர்' என்பதை '65 டிகிரி' என்றும், 'துணிச் சாயம்' என்பதைப் 'பாலியஸ்டருக்கான டிஸ்பர்ஸ் சாயம்' என்றும் வரும் ஞாயிறே திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.