குட்டனின் காலுக்கடியில் ஒரு பலகை

தக்கலை
ஆனி 12

அன்பு மக்களே,

கிழக்கு வீட்டுத் தம்பி ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறான். அவன் கையில் ஒரு பை கொடுத்துவிட்டிருக்கிறேன். கருப்பட்டி, உனக்க அம்மை உலர்த்திய முருங்கைக்கீரை, அதோடு அயினி மரத்தில் செய்த சின்னப் பலகை ஒன்று. பலகை உன் மகன் குட்டனுக்கு. அதை ஷோகேஸில் வைக்காதே, கக்கூஸில் வை.

போனில் சொன்னால் "சரி அப்பா" என்று வைத்துவிடுவாய். மூன்று வாரமாக அந்த "சரி அப்பா"வும் இல்லை. மாதக் கணக்கு முடிக்கிற நேரம், ஆபீசில் வேலை இருக்கும். நான் அதைக் கேட்கவில்லை.

அம்மைக்கு நீ அனுப்பிய வீடியோவை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். சோபாவுக்குப் பின்னால் குட்டன் நிற்கிறான். கால் நுனியில் எழும்பி, முட்டு இரண்டையும் ஒட்டவைத்து, சோபாத் துணியைக் கையால் கசக்கிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிறான். முகம் செக்கச்செவேல். பக்கத்தில் யாரோ "டான்ஸ் ஆடுறான் பாரு" என்கிறார்கள். மக்களே, அது டான்ஸ் இல்லை. முக்குகிறான் என்று நீ நினைத்திருந்தால் அதுவும் இல்லை. வருகிற மலத்தை வெளியே விடாமல் அடக்குகிறான். முக்குகிற பிள்ளை குனியும், குத்தவைக்கும். அடக்குகிற பிள்ளைதான் விறைத்து நிமிரும், ஒளிந்து நிற்கும்.

என்றைக்கோ ஒருநாள் கட்டியாகப் போயிருக்கும், வலித்திருக்கும். அந்த வலிக்குப் பயந்து அடுத்த தடவை அடக்கியிருப்பான். அடக்கிய மலம் மலக்குடலில் கிடக்கக் கிடக்க அதிலிருக்கிற தண்ணீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும், இன்னும் கட்டியாகும், இன்னும் வலிக்கும். மாதக்கணக்கில் இப்படியே போனால் மலக்குடல் விரிந்து, நிறைந்திருக்கிற உணர்வே மழுங்கிப்போகும். அப்புறம் மேலே இருந்து வருகிற இளக்கமான மலம் அந்தக் கட்டியைச் சுற்றிக் கசிந்து அவனுக்குத் தெரியாமலே ஜட்டியில் வடியும். இதைப் பார்த்துத்தான் "வயிற்றாலே போகுது" என்று அம்மையிடம் சொல்லி, ஏத்தங்காய் (நேந்திரன் வாழைக்காய்) பொடி காய்ச்சிக் கொடுத்திருக்கிறாய். ஏத்தங்காய் நிஜமான பேதிக்கு நல்லது, கட்டும். இங்கே கட்டினதை இன்னும் கட்டிவிடும். இன்றைக்கே நிறுத்து. கூவைக்கிழங்குப் பொடியும் வேண்டாம்.

ஆடியில் லீவுக்கு வரும்போது பத்து நாள் என்னிடமே சிகிச்சை, எனிமா கொடுத்து, சாறு மட்டும் வைத்துக் குடலைச் சுத்தம் பண்ணிவிடலாம், செப்டம்பரில் பள்ளியில் டயப்பர் இல்லாமல் சேர்த்துவிடலாம் என்று அம்மையிடம் கேட்டாயாம். அப்பா கையால் நடக்கட்டும் என்று நினைத்தாயே, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அதை நான் செய்யமாட்டேன். யார் செய்கிறேன் என்று சொன்னாலும் நீ விடக்கூடாது.

எனிமா ஏன் வேண்டாம் என்றால், எங்களைப்போன்ற இயற்கை வைத்தியர்கள் பெரியவர்களுக்கு ஏற்றுவது வெறும் வெதுவெதுப்பான தண்ணீர். மூன்று வயசுப் பிள்ளையின் குடல் அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டால் இரத்தத்தில் உப்புச்சத்து சட்டென்று இறங்கிவிடும், வலிப்பு வரைக்கும் போகும். சோப்புத் தண்ணீர் குடலின் உள்தோலைப் புண்ணாக்கும். அதோடு அவனுக்கு இருக்கிற வியாதியே பின்பக்கத்தைப் பற்றிய பயம். அங்கேயே பிடித்து அமுக்கி ஒரு குழாயைச் செருகினால் பயம் இரட்டிப்பாகும். வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தொட்டு வைப்பதற்கும் இதே பதில்தான். உபவாசமும் அப்படியே. மண், நீர், வெயில், காற்று, ஆகாயம் என்று ஐந்தை வைத்து நடத்துகிற வைத்தியத்தில் ஆகாயம் என்பது உபவாசம். மற்ற நாலும் பிள்ளைக்கு ஆகும், ஆகாயம் ஆகாது. ஈரலில் அவன் சேர்த்து வைத்திருக்கிற சர்க்கரை கொஞ்சம்தான், பட்டினி கிடந்தால் பெரியவர்களைவிடச் சீக்கிரம் தளர்ந்துபோவான்.

என்ன செய்யலாம் என்று கேட்பாய். நிறையச் செய்யலாம்.

முதலாவது உட்காருவது. சாப்பிட்டவுடன் பெருங்குடல் தானாக அசையும், அந்த அசைவைத்தான் நாம் பிடிக்கவேண்டும். காலைச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் பிறகு, கால் மணி நேரத்திலிருந்து அரை மணிக்குள், ஐந்து நிமிஷம் மட்டும் உட்காரவை. உங்கள் வீட்டில் மேல்நாட்டுக் கக்கூஸ். அவன் கால் அந்தரத்தில் தொங்குகிறது. மலக்குடலைச் சுற்றி ஒரு தசை கயிறுபோல முன்னால் இழுத்து வளைத்துப் பிடித்திருக்கும். முட்டு இடுப்புக்கு மேலே வந்தால்தான் அது தளர்ந்து வழி நேராகும். நம்மூரில் குத்தவைத்துப் பழகியவர்களுக்கு இது தானாக நடக்கும், தொங்குகிற காலுக்கு நடக்காது. அதற்குத்தான் பலகை. உயரம் 18 சென்டிமீட்டர், வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் அடித்திருக்கிறேன். பாதம் முழுசாகப் பதியவேண்டும். பெரிய ஓட்டையில் உள்ளே விழுந்துவிடுவோம் என்ற பயமும் பிள்ளைகளுக்கு உண்டு, அதற்குச் சின்ன சீட் ஒன்று வாங்கிப் போடு. உட்கார்ந்தபின் சோப்புக் குமிழி ஊதச் சொல்லு. ஊதும்போது வயிறு தானாக அழுந்தும், "முக்கு, முக்கு" என்று நீ கத்தவேண்டியதில்லை. போகாவிட்டாலும் "நல்லா உட்கார்ந்தாய்" என்று சொல்லி இறக்கிவிடு. மாட்டேன் என்று அடம்பிடித்தால் ஒரு மாதம் விட்டுவிடு, டயப்பரையே போடு. பள்ளிக்கூடம் காத்திருக்கும். பலகையை மறக்காதே.

இரண்டாவது பால். நாலு பாட்டில் குடிக்கிறான் என்று அம்மையிடம் பெருமையாகச் சொன்னாயாம். நாலு பாட்டில் என்றால் ஒரு லிட்டர். அவ்வளவு பாலில் வயிறு நிறைந்தால் சோறும் கறியும் எங்கே இறங்கும்? பாலில் நார் ஒரு பொட்டு இல்லை, இரும்புச்சத்தும் குறைவு. ஒரு நாளைக்கு 400 மில்லி போதும், பாட்டிலில் இல்லை, டம்ளரில். ஒரேயடியாக நிறுத்தினால் வீடு ரெண்டுபடும். வாரத்துக்கு ஒரு பாட்டில் குறை, ராத்திரிப் பாட்டிலைக் கடைசியாக எடு.

அந்த இடத்தில் தண்ணீர் வரவேண்டும். நாள் முழுக்க ஏசியில் இருக்கிற பிள்ளை தானாகக் கேட்காது. எழுந்ததும் அரை டம்ளர், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை அரை டம்ளர். சாப்பாட்டுக்குச் சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும் போல ஒன்று கிடையாது. அவித்த பயறு 100 கிராமில் 7 கிராமுக்கு மேல் நார் இருக்கிறது. முருங்கைக்கீரைத் துவரன், தோலோடு பேரிக்காய், நன்றாகப் பழுத்த பப்பாளி ஒரு கீற்று. காய்ந்த கறுப்புத் திராட்சை பத்து எண்ணி ராத்திரி ஊறவைத்து, காலையில் கையால் பிசைந்து, ஊறின தண்ணீரோடு கொடு. பழம் கொடுத்தால் கறுத்த புள்ளி விழுந்த பழமாக இருக்கட்டும், மட்டிப்பழமானாலும் ஏத்தன்பழமானாலும். முழுசாகப் பழுக்காமல் காய்வெட்டாக இருந்தால் கட்டும். மரச்சீனிக் கிழங்கும் மைதா பிஸ்கட்டும் கொஞ்ச நாளைக்குக் கண்ணில் காட்டாதே. ஒன்று கவனி: கட்டி உள்ளே அடைத்துக் கிடக்கும்போது மேலே நாரை ஏற்றினால் வயிறு உப்பி வலிதான் கூடும். முதலில் அடைப்பு போகவேண்டும். அதற்குச் சாப்பாடு போதாது, அதைக் கீழே சொல்கிறேன்.

வயிற்றைத் தடவுவது: சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, தேங்காயெண்ணெய் நாலு சொட்டு உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்துக்கொள். அவனுடைய வலது இடுப்பெலும்புப் பக்கம் தொடங்கு, விலா வரைக்கும் மேலே போ, தொப்புளுக்கு மேலாகக் குறுக்கே இடது பக்கம் வா, அங்கிருந்து கீழே இறங்கு. பெருங்குடல் போகிற வழி அது. எதிர்ப்பக்கம் தடவாதே. ஐந்து நிமிஷம், அமுக்கவேண்டாம். ஈரத்துணிப் பட்டி போடலாம்: பருத்தித் துண்டை நாலாக மடித்துக் குழாய்த் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து தொப்புளுக்குக் கீழே வை, மேலே காய்ந்த துவர்த்து சுற்று, பத்து நிமிஷத்தில் எடு. ஐஸ் தண்ணீர் கூடாது, காய்ச்சலும் சளியும் இருக்கிற அன்று கூடாது. இதனால் கட்டி கரையாது, பிள்ளைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். ஆசனவாயில் வெடிப்பு இருந்தால் முழங்கையை விட்டுப் பார்த்துச் சூடு தெரியாத வெந்நீரில் பத்து நிமிஷம் இடுப்பு மூழ்க உட்காரவை. அது நன்றாகக் கேட்கும்.

இனி அந்த சிரப்பு. அங்கே டாக்டர் ஒரு சிரப்பு எழுதினார், அம்மையிடம் பெயர் சொல்லியிருக்கிறாய். அது குடலுக்குள் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகிற மருந்து. குடல் அதற்கு அடிமையாகாது. "இங்கிலீஷ் மருந்து, பழகிப்போகும்" என்று யாரோ உன் காதில் ஓதியிருப்பார்கள். அது நானாகவும் இருக்கலாம், இந்த வீட்டில் நான் பேசிய பேச்சு அப்படி. அடைப்பைக் கரைக்க முதலில் அளவு கூடுதலாகத் தேவைப்படலாம், அதை டாக்டர்தான் சொல்லவேண்டும். அதன்பின் குறைந்தது இரண்டு மாதம் தொடரவேண்டும். ஒரு மாதம் முழுசாக வலியில்லாமல், அடக்காமல், கசியாமல் போனபிறகே படிப்படியாகக் குறைக்கவேண்டும். நாலு நாள் நன்றாகப் போனதும் நிறுத்துகிறவர்களுக்குத்தான் எல்லாம் திரும்ப வருகிறது. விரிந்த மலக்குடல் சுருங்க மாதங்கள் ஆகும். தண்ணீர், கஞ்சி, பலகை எல்லாம் சிரப்போடு சேர்ந்து நடக்கவேண்டிய காரியம்.

மக்களே, இதை எழுதாமல் முடிக்கத்தான் நினைத்தேன்.

உனக்கு நாலு வயசிலிருந்து மாதம் ஒருதடவை ஆமணக்கெண்ணெய் கொடுத்தேன். இரண்டு தடவை எனிமா. ஒருதடவை மூன்று நாள் இளநீரும் சாறும் மட்டும். அம்மை வேண்டாம் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் வகுப்பில் உன் பாவாடையில் கறை பட்டு வந்தபோது, இவ்வளவு வளர்ந்தும் சுத்தம் இல்லையா என்று முற்றத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினேன். அது இந்தக் கசிவுதான். உனக்குத் தெரிந்து நடந்ததில்லை. பேதி எண்ணெய் ஒருநாள் வாரிக்கொண்டு போகும், மறுவாரம் குடல் அசையாது, மறுபடியும் கட்டும், மறுபடியும் எண்ணெய். அந்தச் சுற்றை நான்தான் சுற்றவிட்டேன். நோட்டில் "குணம்" என்று எழுதிவைத்தேன். அப்பா குணமாக்கினார் என்று நீயும் நம்பி வளர்ந்திருக்கிறாய், அதனால்தான் இப்போது குட்டனையும் கொண்டுவருகிறேன் என்கிறாய். நீ குணமானது வளர்ந்து, ஹாஸ்டலுக்குப் போய், என் கையைவிட்டுப் போனபிறகு.

குட்டனைத் திட்டாதே. கறை பட்டால் பேசாமல் மாற்றிவிடு. மாப்பிள்ளையிடமும் சொல்லு, அவர் கோபக்காரர் இல்லை என்றாலும் சிரிப்பும் வேண்டாம்.

பயப்படவேண்டியவை தனி. பச்சையாக வாந்தி, வயிறு வீங்கி இறுகுவது, எடை இறங்குவது, மலத்தோடு கலந்து வருகிற இரத்தம், கால் தளர்வது, முதுகுத்தண்டின் அடியில் குழியோ முடிக்கற்றையோ இருப்பது. இதில் ஒன்று கண்டாலும் எனக்குப் போன் பண்ணிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. மேலே படிந்த ஒரு கோடு இரத்தம் பெரும்பாலும் வெடிப்புதான், ஆனாலும் காட்டு. குட்டனுக்குப் பிறந்த அன்று ராத்திரியே கறுப்பு மலம் போனது, அம்மைதான் துணி மாற்றினாள். அதனால் பிறவிக் கோளாறாக இருக்க வாய்ப்புக் குறைவு என்பது எனக்கு ஒரு ஆறுதல். பேர் ஒட்டாத பொட்டலத்தில் வருகிற குழந்தைச் சூரணம் எதையும் யார் கொடுத்தாலும் வாங்காதே. நிலாவாரை கலந்திருக்கும், இன்னும் என்னவெல்லாமோ.

மாமி கொடுத்த மார்த்தாண்டம் தேன் குட்டனுக்கு ஒரு ஸ்பூன் கொடுக்கலாம். கீழ்வீட்டுக் கைக்குழந்தைக்கு நாக்கில் தொட்டுக்கூட வைக்காதே, ஒரு வயசு ஆகட்டும்.

ஆடியில் வா. சிகிச்சைக்கு இல்லை, சும்மா வா. பலகையையும் கொண்டுவா, இங்கேயும் மேல்நாட்டுக் கக்கூஸ் வைத்துவிட்டோம்.

அந்த சிரப்பு பாட்டில் அடுக்களை அலமாரியில் இருக்கிறதா, எத்தனை நாளாகத் திறக்கவில்லை என்று அம்மையிடம் சொல்லு. என்னிடம் சொல்லவேண்டாம்.

அப்பா