ஓதிக் கொடுக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேருக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறாய் என்று கேட்டதிலிருந்து உம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அல்ஹம்துலில்லாஹ். ‘அர்த்தம் தெரியாமல் கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறார்கள், என்ன செய்ய?’ என்று கேட்டாய். அது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை.

முதலில் காதைப் பழக்கு. எழுத்தைக் காட்டுமுன் நீ ஓது, அவர்கள் கேட்கட்டும். இங்கே கீழக்கரையில் அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு நம் வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் செய்வதும் அதுதான். போன வாரம் ஒரு சின்னவன் இக்லாஸ் சூராவை, குர்ஆனின் அந்தச் சின்ன அத்தியாயத்தைத் தொடங்கினான். ‘குல்’ என்றான், ‘குருவி’க்கு வருகிற அதே கு. நமக்கு ஒரே ககரம்தான், அரபியில் இரண்டு. அடிநாக்கு உள்நாக்குப் பக்கம் ஏறி ஒலித்தால் ‘சொல்வீராக’. கொஞ்சம் முன்னே வந்துவிட்டால் ‘சாப்பிடு’! தப்பு என்று நான் சொல்லவில்லை. வாயைத் திறந்து காட்டி, திரும்பத் திரும்ப ஓதினேன். ஆறாவது தடவை அவனுக்கே சரியாக விழுந்தது. கண் இரண்டும் விரிந்துவிட்டது பிள்ளைக்கு.

பிரம்பை மட்டும் தொடாதே. சின்ன வயதில் எனக்கு ஓதிக் கொடுத்த ஒருவரிடம் அடிக்குப் பயந்து ஒரு வருஷம் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். தப்பு எங்கே என்று அவருக்கே கேட்கவில்லை, பிறகு எப்படித் திருத்துவார்?

என்னைத் திருத்தியது என் உம்மம்மாதான். பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் அரபுத் தமிழில் கடிதம் எழுதுவார். பேச்சு தமிழ், எழுத்து அரபி. அரபியில் இல்லாத ட, ண போன்ற ஓசைகளுக்குக் கூடுதல் புள்ளி. நம் ஊரில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அந்த எழுத்தில் மார்க்க நூல்கள் எழுதி வைத்தார். உம்மம்மா மாதிரி வீட்டோடு இருந்த பெண்கள் அப்படித்தான் மார்க்கம் படித்தார்கள்.

உம்மம்மா ஓர் ஆயத்து, அதாவது ஒரு வசனம், ஓதி நிறுத்துவார். நான் ஓதுவேன். அப்புறம் அதைத் தமிழில் சொல்வார். முஸ்ஸம்மில் சூராவின் 4ஆம் ஆயத்தே நிறுத்தி நிதானமாக ஓதச் சொல்கிறதே, உனக்கென்ன அவசரம்? இக்லாஸில் இருப்பது 4 ஆயத்து. ஒரு நாளைக்கு ஒன்று போதும், அர்த்தத்தையும் அன்றைக்கே சொல்லிவிடு.

ஆறு பேரில் ஒருத்தி வாயே திறப்பதில்லை என்றாயே. அவளைக் கட்டாயப்படுத்தாதே, உன் பக்கத்தில் உட்கார வை. நாளைக்கு ஓதும்போது போனைப் போட்டு அங்கேயே வைத்துவிடு. நானும் அவளோடு சேர்ந்து கேட்கிறேன்.

உன் உம்மா