செவலைக்கு அளவெடுத்த அண்ணாச்சிக்கும் உடன்நின்ற அனைவருக்கும்

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலிச் சந்திப்பிலும் மேலப்பாளையத்திலும் செவலைக்காக அலைந்தவர்களுக்கும், அவளுக்காக வேண்டிக்கொண்டவர்களுக்கும் வணக்கம்.

சாலையில் முதுகுத்தண்டு அடிபட்ட நாய் செவலை பிழைத்துவிட்டாள். அன்று அவளுக்கு நேர்ந்ததும் அதற்குப் பின் வந்த வாரங்கள் கழிந்த விதமும் உங்கள் எல்லோருக்கும் தெரியும்; அவற்றை மறுபடி எழுத இப்போது எனக்குத் திராணி இல்லை. சிறுநீர்ப்பைத் தொற்று நீங்கிவிட்டது, பின்னங்கால் புண்கள் ஆறித் தோல் மூடிவிட்டது, இனிப் பயமில்லை என்று மருத்துவர் நேற்றுச் சொன்னார். பின்னங்கால்களுக்கு உணர்வு திரும்பவில்லை. திரும்பும் என்ற நம்பிக்கையையும் அவர் தரவில்லை. நல்ல வீடு அமையும்வரை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்றுதான் அவளை ஏற்றிருந்தோம். நேற்றிரவு வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி, அந்த வீடு எங்கள் வீடாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்கும் முதல் நன்றி. முதுகுத்தண்டு அடிபட்ட நாய்க்குச் சிறுநீர் தானாக முழுவதும் பிரியாது, ஒரு நாளைக்கு 3 அல்லது 4 முறை அடிவயிற்றின் இருபுறமும் கைவைத்து மெல்ல அழுத்தி வெளியேற்ற வேண்டும், தேங்கினால் தொற்று வரும் என்று சொல்லி, என் கையின்மேல் தம் கையை வைத்து அழுத்தும் பதத்தைப் பழக்கிய அந்த மாணவியை நான் மறக்க மாட்டேன். இருக்கை நனையும் என்று தெரிந்தும் முகம் சுளிக்காமல் ஏற்றிச் சென்ற ஆட்டோ ஓட்டுநருக்கும், பிளாஸ்டிக் குழாயில் சக்கர வண்டி செய்து தந்த நண்பர்களுக்கும், தினமும் முட்டை கொடுத்தனுப்பிய தேநீர்க் கடைக்காரருக்கும், பத்தமடையிலிருந்து கோரைப்பாய் வாங்கிவந்த சித்திக்கும், முதல் வாரங்களில் தம் வீட்டு முற்றத்தை அவளுக்கு ஒழித்துக் கொடுத்த குடும்பத்துக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன்.

ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததே எங்கள் முடுக்கின் முனையில் கடை வைத்திருக்கும் தையல்கார அண்ணாச்சிக்காகத்தான். சக்கர வண்டி தெருவுக்கு நன்றாக இருந்தது. வளவு வீட்டின் நடைவாசலில் அது திரும்பாது. அதில் பூட்டியிருக்கும்போது நாயால் படுக்கவும் முடியாது. ஆகவே வீட்டுக்குள் செவலை பின்னுடலைத் தரையில் இழுத்துக்கொண்டுதான் நகர்ந்தாள். சிமென்ட் தரையில் தோல் உராய்ந்து புண்ணாயிற்று. வலி தெரியாததால் அவள் நிற்கவும் இல்லை. பின்னுடலை மூட ஒரு பை தைக்க முடியுமா என்று கேட்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். பள்ளி திறக்கும் சமயம் அது. பள்ளிக்கூடங்கள் மலிந்த எங்கள் ஊரில் சீருடை தைப்பவர்களுக்குத் தலைநிமிர நேரமில்லாத நாட்கள். பிறகு வரச் சொல்வார் என்றே நினைத்திருந்தேன்.

அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்போடு என் கூடவே வந்தார். செவலையின் அருகே சம்மணமிட்டு உட்கார்ந்து, தம் கையை அவள் முகர்ந்து முடிக்கும்வரை காத்திருந்து, மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, முதுகு நீளம் என்று ஒவ்வொன்றாக அளந்தார். சீருடைக்கு அளவு குறிக்கும் அதே நோட்டில், பிள்ளைகளின் பெயர்களுக்குக் கீழே, ‘செவலை’ என்று எழுதி அளவுகளைக் குறித்துக்கொண்டார். பாவம் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. எந்தப் பக்கம் அதிகம் உரசுகிறது, ஈரம் எப்படி வடியும், கழற்றி மாட்டுவது யார் என்று மட்டுமே கேட்டார்.

மறுநாள் மாலை பை தயாராக இருந்தது. தரையில் படும் பக்கம் வழுக்கும் ரெக்சின், உள்ளே பழைய பனியன் துணி, முன்னங்கால்களைத் தொடாமல் தோள்வழியே போகும் இரண்டு பட்டைகள், வயிற்றுக்கு வெல்க்ரோ. மடிப்புகள் எல்லாம் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருந்தன. ஏன் அப்படி என்று கேட்டதற்கு, “வலி தெரியாத உடம்புல்லா யம்மா, தையல் உள்ள இருந்தா அறுத்துக்கிட்டே இருக்கும், அதுக்குச் சொல்லத் தெரியாதே” என்றார். எத்தனையோ பேரிடம் யோசனை கேட்டிருந்தேன். இந்த ஒன்றை யாரும் சொல்லவில்லை. கூலியும் வாங்கவில்லை. “அது நல்லா நடமாடட்டும், பொறவு பாத்துக்கிடுவோம்” என்று ரெக்சினுக்கான காசை மட்டும் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து புதிய புண் ஒன்றுகூட வரவில்லை.

இப்படிப்பட்ட நாயை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதானே கருணை என்று கேட்டவர்கள் உண்டு. தீராத வலியில் துடிக்கும் உயிருக்கு அந்த முடிவை எடுக்க நேர்ந்தவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். செவலையோ வயிறாரச் சாப்பிடுகிறாள், வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் காதை நிமிர்த்துகிறாள், அண்ணாச்சியைக் கண்டால் பையோடு சறுக்கிக்கொண்டு ஓடுகிறாள். அவளுக்குக் குறைந்துபோனது பின்னங்கால்களின் பலம் மட்டும்தான். வாழும் ஆசையில் ஒரு குறையும் இல்லை என்பதை அவளோடு இருக்கும் எங்களால் உறுதியாகச் சொல்ல முடியும். அவள் ஆயுள் உள்ளவரை நேரம் தவறாமல் வயிற்றை அழுத்திவிடவும், ஈரத்தில் படுக்க விடாமல் பார்த்துக்கொள்ளவும் எங்கள் வீட்டில் முறைவைத்துக்கொண்டிருக்கிறோம். அதிலிருந்து நாங்கள் வழுவ மாட்டோம்.

அண்ணாச்சி அந்தப் பைக்கு வெட்டிய காகித மாதிரியை என்னிடமே கொடுத்திருக்கிறார். நெல்லைச் சீமையில் இதுபோன்ற நாயை வளர்ப்பவர்கள் யாராக இருந்தாலும் கேளுங்கள், படி எடுத்துத் தருகிறேன். மார்பு, இடுப்பு, முதுகு நீளம் ஆகிய மூன்றையும் நாய் படுத்திருக்கும்போது அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பையை நாள் முழுவதும் மாட்டி வைக்காதீர்கள். நனைந்த உடனே கழற்றித் தோலைத் துடைத்து உலரவிடுங்கள். தைப்பவரிடம் மடிப்பு வெளிப்பக்கம் வரவேண்டும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.