தண்ணீருக்குப் பிறகுதான் துப்பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆபத்துக் காலத்தில் நம்மை நாமே காத்துக்கொள்வது பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்று உட்கார்ந்திருக்காதீர்கள் என்கிறார் கட்டுரையாளர். அதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் கட்டுரைக்கு மேலே நீங்கள் போட்டிருந்த படம், மேசைமேல் கிடக்கும் ஒரு கைத்துப்பாக்கி. கட்டுரையின் முதல் பாதியும் அதைப் பற்றித்தான். தண்ணீருக்கு ஒரே ஒரு வரி. அந்தத் துப்பாக்கியை வீட்டில் எங்கே, எப்படி வைக்க வேண்டும் என்பதற்கு அந்த ஒரு வரிகூட இல்லை. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். அதில் 19 ஆண்டுகள் அவசர சிகிச்சைப் பிரிவில். என் கணவர் குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் கலந்துகொண்டவர். உரிமம் பெற்ற பாயிண்ட் 22 ரைபிள் (சின்னத் தோட்டா போடும் நீளத் துப்பாக்கி) ஒன்று எங்கள் வீட்டில் 20 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. துப்பாக்கி என்றாலே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. வரிசை மாறிப்போயிருக்கிறது என்றுதான் சொல்ல வருகிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அடித்த ஒரு புயலில் எங்கள் தெருவுக்கு நான்கு நாள் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால் முதல் நாள் இரவே குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. அலமாரியில் இரண்டு டார்ச் இருந்தன. எடுத்துப் பார்த்தால், பேட்டரி கசிந்து உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. மாமியாருக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தோம். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் சுமார் 4 மணி நேரம்தான் குளிர் தாங்கும். வெளியிலிருந்து பனிக்கட்டி கொண்டு வந்த என் மகன், மருந்தை நேரே அதன்மேல் வைக்கப் போனான். நல்ல வேளை, நான் பார்த்துவிட்டேன். உறைந்துபோன இன்சுலினைப் போடக் கூடாது, அது வேலை செய்யாது. உபயோகத்தில் இருக்கும் குப்பி பொதுவாக 4 வாரம்வரை, 30 டிகிரிக்கு மிகாத சூட்டில், வெளியிலேயே இருக்கலாம். இது தெரியாமல் நல்ல மருந்தைக் கெடுத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பையன் வந்து, "அக்கா, தலைவலி மாத்திரை இருக்கா? வீட்டுல எல்லாருக்கும் தலைவலி, அம்மா வாந்தி எடுக்கிறாங்க" என்றான். சாப்பாடு கெட்டுப்போயிருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். எனக்கு எல்லோருக்கும் என்ற அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஓடினேன். மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை மாடிப்படிக்குக் கீழே வைத்து, கதவை ஒருச்சாய்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அணைத்துவிட்டு நாலு பேரையும் வெளியே இழுத்துக் காற்றில் உட்கார வைத்தோம். பாட்டிக்குப் பேச்சு குழறியது. அவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்பினோம். பிழைத்தார். இன்னும் ஒரு மணி நேரம் கழித்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

ஜெனரேட்டர் புகையிலும் கரி அடுப்பிலும் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஒரே வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. வெளியே போனால் குறைகிறது, உள்ளே வந்தால் திரும்புகிறது என்றால் அதுதான். ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, கதவு ஜன்னல்களிலிருந்து 6 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். கரி அடுப்பை அறைக்குள் மூட்டவே கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று நினைப்பதுதான் ஆளைக் கொல்கிறது.

அந்த நான்கு நாளில் எங்கள் தெருவில் ஒரு திருடன்கூட வரவில்லை. எந்த ஊரிலும், எப்போதும் வரமாட்டான் என்று நான் சொல்லவில்லை. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு ராத்திரி கதவு தட்டும் சத்தம் கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நாங்கள் உண்மையிலேயே தவித்தது தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் மருந்துக்கும். சாவு எட்டிப் பார்த்ததோ படிக்கட்டுக்குக் கீழிருந்து.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கில், நான்கு பேருக்கு மூன்று நாளுக்கு 48 லிட்டர் தண்ணீர் மூடிய கேன்களில் எப்போதும் இருக்கும். குளிக்க, துவைக்க அல்ல. குடிக்கவும் சமைக்கவும் மட்டும். கொதிக்க வைக்க வழியில்லாவிட்டால், வாசனையும் வேறு கலப்பும் இல்லாத, 5 அல்லது 6 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள வீட்டு ப்ளீச் திரவத்தை லிட்டருக்கு 2 சொட்டு விட்டுக் கலக்கி, 30 நிமிடம் வைத்துவிட்டுக் குடிக்கலாம். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டி, சொட்டை இரட்டிப்பாக்க வேண்டும். டார்ச்சில் பேட்டரியைப் போட்டே வைப்பதில்லை. பக்கத்தில் ஒரு உறையில் இருக்கும். மருந்துச் சீட்டுகள், சான்றிதழ்கள், முக்கியமான தொலைபேசி எண்களைக் கையால் எழுதிய ஒரு தாள், எல்லாம் தண்ணீர் புகாத ஒரே பையில். கைபேசி அணைந்துவிட்டால் சொந்த மகனின் எண்கூட நமக்கு மனப்பாடமாக இல்லை என்பதை அந்தப் புயலில்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று, கட்டுரையாளர் தொடாதது. 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானில் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியபோது 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல், குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும் கையால் இழுத்து வெளியே எடுத்தவர்கள்தான். மீட்புப் படை வந்து சேர்வதற்கு முன்பே அது நடந்துவிட்டது. தன் கையே தனக்கு உதவி என்று நாம் சொல்கிறோம், சரி. ஆனால் அந்தக் கை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத் தெரிந்த கையாகவும் இருக்க வேண்டும். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், யாரிடம் கடப்பாரை இருக்கிறது, யாருக்கு நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யத் தெரியும் என்பது உங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனித் துப்பாக்கிக்கு வருகிறேன்.

ஒரு நாள் கணவரின் உறவினர் ஒருவர் தன் ரைபிளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். துடைத்துக் கொடுக்கச் சொன்னார். "காலிதான், மேகசினைக் கழற்றிட்டேன்" என்றார். மேகசின் என்பது தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் பெட்டி. கணவர் அதை வாங்கி, குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைப் பின்னால் இழுத்தார். ஒரு தோட்டா வெளியே தெறித்துத் தரையில் உருண்டது. என் பேத்தி அப்போது அதே கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். யாரும் எதுவும் பேசவில்லை. அந்த உறவினர் பொய் சொல்லவில்லை. மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலி என்று உண்மையாகவே நம்பியிருந்தார். குழலின் அடியில் ஏற்கெனவே ஏறிவிட்ட தோட்டா மேகசினோடு வராது. அது அங்கேயே இருக்கும்.

அன்று மாலை கணவர் எனக்கும் மகனுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார். முதலில் மேகசின், பிறகு போல்ட். திறந்து கண்ணால் பார், பிறகு சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார். இருட்டில் கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. ஒருவர் பார்த்துவிட்டு உன் கையில் கொடுத்தாலும் நீ மறுபடி பார். அதில் யாருக்கும் அவமானம் இல்லை.

அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளை பல துப்பாக்கிச் சங்கங்களில் கிட்டத்தட்ட அப்படியே சொல்லித் தருகிறார்கள். எல்லாத் துப்பாக்கியும் தோட்டா உள்ளதாகவே நினை. அழிக்க நினைக்காத எதன் மீதும் குழலைத் திருப்பாதே. குறி பார்த்து முடிக்கும்வரை விசையில் விரல் வைக்காதே. எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சுடு. சின்னத் துப்பாக்கிதானே என்று சொல்லப்படும் பாயிண்ட் 22 தோட்டாவே ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடும்.

நான்காவது விதியைத் தான் தற்காப்பு பேசுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்க ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் 2013 பிப்ரவரி 14 அன்று அதிகாலையில், பூட்டிய கழிவறைக் கதவு வழியாக நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்து இறந்தவர் அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப். திருடன் என்று நினைத்தேன் என்றார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்றே தீர்ப்பளித்தது. கதவுக்குப் பின்னால் யார் இருந்தாலும் சாகக்கூடும் என்று தெரிந்தே சுட்டிருக்கிறார் என்பதுதான் அதற்குக் காரணம். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த மகனும், சொல்லாமல் ஊரிலிருந்து வந்த தம்பியும் இருட்டில் நிழலாகத்தான் தெரிவார்கள். துப்பாக்கியைத் தேடுவதற்கு முன்னால் விளக்கைப் போட்டு, யாரது என்று குரல் கொடுக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் எங்கே என்று எண்ண வேண்டும். கதவைத் தாழிட்டுக் காவல்துறையைக் கூப்பிட வேண்டும்.

எங்கள் வீட்டில் ரைபிள், தரையோடு போல்ட் போட்டு முறுக்கிய இரும்புப் பெட்டியில் காலியாக இருக்கும். தோட்டாக்கள் வேறு அறையில் வேறு பூட்டில். பீரோ மேலே, மெத்தைக்கு அடியில் என்பதெல்லாம் பாதுகாப்பான இடமே இல்லை. ஒளித்து வைத்ததைக் கண்டுபிடிப்பதில் குழந்தைகளை மிஞ்ச ஆளில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில், தொடையில் குண்டு பாய்ந்த 14 வயதுப் பையன் ஒருவனின் காயத்தை என் கைமுட்டியால் அழுத்திக்கொண்டே அறுவை அரங்குவரை கட்டிலோடு ஓடியிருக்கிறேன். அப்பாவின் அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்த துப்பாக்கி அது. பிழைத்தான், ஆனால் கால் பழையபடி ஆகவில்லை. துப்பாக்கி இருக்கும் வீட்டில், பெருகும் ரத்தத்தை அழுத்தி நிறுத்தத் தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். தொடையின் பெரிய ரத்தக் குழாய் அறுந்தால் சில நிமிடங்கள்தான் அவகாசம். ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்தத்தை விடக் கூடாது, நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கணவர் இறந்த பிறகு என் மகன் தூங்கவில்லை. சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. இரண்டாவது வாரம் நான் கணவரின் துப்பாக்கிச் சங்கத்துச் செயலாளரைக் கூப்பிட்டு, ரைபிளைச் சட்டப்படி எழுதி வாங்கிக்கொண்டு அவர்கள் பெட்டகத்தில் வைக்கச் சொன்னேன். மகனிடம் மறைக்கவில்லை. "உன் மேல எனக்கு நம்பிக்கை இல்லாம இல்லைப்பா, இந்த நாட்கள் மேலதான் நம்பிக்கை இல்லை" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சாவியை அவனே எடுத்துக் கொடுத்தான். மறுநாள் மருத்துவரைப் பார்க்க என்னோடு வந்தான்.

இது தாய் மனதின் பயம் மட்டுமல்ல. வார இறுதியில் வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்று இஸ்ரேல் ராணுவம் 2006-இல் மாற்றியது. அதன் பிறகு இளம் வீரர்களிடையே தற்கொலைகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. அந்த எண்ணம் பல நேரம் அலை மாதிரி வந்து போவது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஆள் மிஞ்சுகிறார். வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால், வேலை போயிருந்தால், குடித்துக்கொண்டிருந்தால், துப்பாக்கி சில மாதம் வேறு இடத்தில் இருக்கட்டும். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். கேட்கப்பட்டால் கோபப்படாதீர்கள்.

எங்கள் ரைபிள் எட்டு மாதம் கழித்து வீட்டுக்குத் திரும்பியது. இப்போது மகன் அதை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போகிறான். மாதத்தின் முதல் சனிக்கிழமை அவன் ரைபிளைத் துடைக்கும்போது, நானும் மருமகளும் கேன் தண்ணீரை மாற்றுகிறோம், மருந்துகளின் காலாவதித் தேதியைப் பார்க்கிறோம், டார்ச்சைப் போட்டுப் பார்க்கிறோம். பக்கத்து வீட்டுப் பையனும் வந்துவிடுகிறான். ஜெனரேட்டரைத் தோட்டத்துக் கடைசி வரை உருட்டிக்கொண்டு போய் ஓட்டிப் பார்ப்பது அவன் பொறுப்பு.

இந்தப் பொருளில் மறுபடி கட்டுரை வெளியிட்டால், துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் முறையையும் அதில் சேருங்கள் ஐயா. மேலே போடும் படம் தண்ணீர் கேனாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்