'அன்னை' என்றால் போதுமா?

ஐயா,

மருத்துவர் ரூத் ஃபாவ் நினைவுநாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, அவரைப் 'பாகிஸ்தானின் அன்னை தெரசா' என்று சொல்லி முடித்துக்கொண்டது. அந்த அடைமொழி அவரது பாதி உழைப்பை மறைத்துவிடுகிறது. 1929இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் பிறந்தவர், 1960இல் இந்தியா வரும் வழியில் விசா சிக்கலால் கராச்சியில் தங்க நேர்ந்தது. அங்கு தொழுநோயாளி ஒருவர் கைகளையும் ஊன்றித் தவழ்ந்து வந்ததைக் கண்டபின் அவர் அந்நகரை விட்டுப் போகவில்லை. கட்டுப் போடுவதோடு நிற்கவும் இல்லை. நம் வேலூருக்கு வந்து தொழுநோய் சிகிச்சை பயின்றார், பாகிஸ்தான் திரும்பிப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்தார், மலைக்கிராமங்கள்வரை சென்றார், அரசையும் இதில் இழுத்துவிட்டார். 1996இல் பாகிஸ்தானில் தொழுநோய் கட்டுக்குள் வந்தது. 2017இல், 87 வயதில் மறைந்தபோது, பாகிஸ்தான் அவரை அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தது.

தொழுநோய் ஆய்வாளராகப் பணியாற்றியவன் நான். கட்டடத் தொழிலாளி ஒருவர் முழங்கையில் இருந்த வெளிறிய தேமலைப் பல ஆண்டுகள் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தார். கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் தேமலை இரண்டு முறை தொட்டேன். "தொடுங்க சார்" என்றார் அவர். நான் தொட்டதே அவருக்குத் தெரியவில்லை; தொழுநோயின் அடையாளம் அது. அடுத்த ஆண்டு நினைவுக் கட்டுரையின் அருகே, உணர்ச்சியற்ற தேமலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவச மருந்து உண்டு என்று நான்கு வரி சேருங்கள். படத்தைச் சற்றே சிறிதாக்கினால் இடம் கிடைத்துவிடும்.

- ஓய்வுபெற்ற தொழுநோய் ஆய்வாளர், திருவண்ணாமலை