6 சென்ட் காசு கொடுத்தவங்களும் சேர்ந்து கட்டின ஸ்கூல் – நம்ம புத்தகத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம வாசிப்பு குழு சார்பா எழுதுறேன், கொஞ்சம் நீளமாதான் போகும், பொறுமையா படிச்சிடுங்க.

ஒன்றரை வருஷமா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உக்காந்து நாங்க பண்ணிட்டு இருந்த வேலை ஒருவழியா முடிஞ்சிருக்கு. அமெரிக்கால மாசசூசெட்ஸ்ல சவுத் ஹாட்லினு ஒரு சின்ன ஊர், அங்க 1837 நவம்பர் 8ஆம் தேதி திறந்த மவுண்ட் ஹோலியோக் பெண்கள் செமினரி (பொண்ணுங்க மேல்படிப்பு படிக்கிற ஸ்கூல்), அங்கயே தங்கி படிச்ச பொண்ணுங்க குளிர்காலத்தை எப்படி ஓட்டினாங்கன்னு அவங்க வீட்டுக்கு எழுதின கடிதங்கள்ல இருந்தும் பழைய பள்ளி விவரங்கள்ல இருந்தும் எடுத்து தமிழ்ல தொகுத்திருக்கோம். இப்போ அச்சுக்கு போகணும், அதுக்குதான் பணம் கேக்குறோம்.

எதுக்கு இந்த ஸ்கூல்னு நிறைய பேர் கேட்டாங்க. முதல் காரணம் அது கட்டின விதம். மேரி லயன்னு ஒரு டீச்சர், பச்சை வெல்வெட் பை ஒன்னை கைல வச்சுக்கிட்டு ஊர் ஊரா வண்டி ஏறிப் போய் வீடு வீடா காசு கேட்டாங்க. ஒரு பொம்பளை தனியா இப்படி சுத்தி பணம் வசூல் பண்றதாவதுனு பேசினவங்க உண்டு, அவங்க நிறுத்தல. 1000 டாலர் கொடுத்தவங்களும் இருந்தாங்க, வெறும் 6 சென்ட் கொடுத்தவங்களும் இருந்தாங்க, அந்த 6 சென்ட்டும் கணக்குல ஏறிச்சு. காசு இல்லாத ஊர்ப் பெண்கள் போர்வையும் படுக்கையும் தைச்சு ரூமுக்கு ரூம் கொடுத்தாங்க. திறக்கிற அன்னைக்குக்கூட வேலை முடியல, டிரஸ்டி ஒருத்தரே மண்டி போட்டு தரைல பாய் விரிச்சு ஆணி அடிச்சுட்டு இருந்தாராம். முதல் வருஷம் 80 பொண்ணுங்க. தங்க, சாப்பிட, படிக்க எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு சுமார் 60 டாலர்தான், அதை அவ்ளோ கம்மியா வச்சதே விவசாய வீட்டு பொண்ணுங்களும் வரணும்னுதான். மேரி லயன் தனக்கு எடுத்துக்கிட்ட சம்பளம் வருஷத்துக்கு 200 டாலர்.

அந்த ஃபீஸ் கட்டுப்படி ஆகணும்னா வேலையாள் வைக்க முடியாது, அதனால ஒவ்வொரு பொண்ணும் தினம் ஒரு மணிநேரம் கிட்ட வீட்டு வேலை செய்யணும், ரொட்டி சுடுறது, துணி துவைக்கிறது, பாத்திரம் கழுவுறதுனு ஆளுக்கு ஒன்னு. 1847ல 16 வயசுல அங்க சேர்ந்த எமிலி டிக்கின்சனுக்கு (பின்னாடி பெரிய கவிஞர் ஆனாங்களே, அவங்கதான்) சாப்பாட்டு மேசை கத்திகளை பார்த்துக்கிற வேலை, காலைலயும் மதியமும் எடுத்துட்டு போகணும், ராத்திரி கழுவி துடைச்சு வைக்கணும். அந்த நவம்பர்ல தோழிக்கு எழுதின கடிதத்துல முழு நாளையும் மணிக்கணக்கா சொல்லியிருக்காங்க, 6 மணிக்கு எழுந்திரிக்கணும், 7க்கு காலை சாப்பாடு, 8க்கு படிப்பு, 9க்கு பிரார்த்தனை, அப்புறம் பண்டைய வரலாறு ஒப்பிக்கிறது, 12க்கு உடற்பயிற்சி, மதியம் பாட்டு, பியானோ, 4:30க்கு மேரி லயனோட அறிவுரை, 6க்கு ராத்திரி சாப்பாடு, அதுக்கப்புறம் சத்தமில்லாம படிப்பு, 8:45க்கு படுக்கை மணி. இதை மொழிபெயர்த்த அன்னைக்கு குழுல பாதி பேர் நம்ம ஹாஸ்டல் டைம்டேபிளேதான் இதுன்னு சொன்னோம்.

குளிர் விஷயம்தான் எங்களுக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது. "பனி"னு எழுதினா நமக்கு மார்கழி காலைல புல்லு மேல இருக்கிற ஈரம்தான் ஞாபகம் வரும், அங்க அது முழங்கால் அளவுக்கு கொட்டி மாசக்கணக்கா கிடக்கிறது. ஒரு அக்கா "வெண்பனி"ங்கறாங்க, இன்னொருத்தர் "உறைபனி"ங்கறாங்க, கடைசில "கொட்டும் பனி"னு போட்டோம், எனக்கு இன்னும் முழு திருப்தி இல்ல. அந்த பனிலயும் பொண்ணுங்க வெளில நடக்கணும்னு விதி! காலை சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மைல், கடுங்குளிர்ல மட்டும் அது 45 நிமிஷம்னு குறைச்சாங்க. உடற்பயிற்சியையும் கணப்பு இல்லாத நடைவழிலதான் செஞ்சாங்க, ஒரு சாமான் அறைய காலி பண்ணி கொடுக்கிற வரைக்கும்.

என்னை ரொம்ப பாதிச்சது எமிலியோட இருமல். அந்த குளிர்காலம் முழுக்க உடம்பு சரியில்ல, ஆனா வீட்டுக்கு ஒரு வார்த்தை எழுதல, எழுதினா படிப்பை நிறுத்தி கூட்டிட்டு போயிடுவாங்கனு பயம். ஊர்ல இருந்து பாக்க வந்த ஒரு தோழி போய் சொல்லிட்டாங்க, உடனே அண்ணன் வந்து நிக்கிறார் கூட்டிட்டு போக. வாதாடி பார்த்தாங்க, அழுது பார்த்தாங்க, ஒன்னும் நடக்கல. வீட்டுக்கு போன்ல காய்ச்சலை மறைச்சு "நல்லா இருக்கேன்மா"னு சொன்ன ஒவ்வொருத்தருக்கும் இந்த பக்கம் புரியும், நானும் சொல்லியிருக்கேன்.

சந்தோஷமும் இருக்கு. 1848 பிப்ரவரில வாலண்டைன் கடிதம் யாரும் அனுப்பக்கூடாதுன்னு மேரி லயன் ஹால்ல எழுந்து நின்னு சொல்றாங்க, ஆனா முந்தின வருஷமே இருந்த பொண்ணுங்களுக்கு இது தெரியும்ங்கறதால லீவுலயே எழுதி ஒருத்தர்கிட்ட கொடுத்து வச்சுட்டாங்க, தடை வர்றதுக்குள்ள சுமார் 150 கடிதம் போயாச்சு. அடுத்த வருஷம் மார்ச் 5ஆம் தேதி, குளிர் இன்னும் விடாத நேரத்துல, மேரி லயன் இறந்துட்டாங்க, 52 வயசு.

அந்த கட்டடம் 1896 செப்டம்பர்ல தீயில போயிடுச்சு. அதனாலதான் புத்தகத்துக்கு படம் வேணும்னு பிடிவாதமா இருக்கோம், நாலு மாடி கட்டடம், விறகு அடுப்பு, நீள நடைவழி, பெரிய கூடம் இதெல்லாம் பார்க்காம நம்ம ஊர் பொண்ணுக்கு அந்த குளிர் ஏறாது. வரையுற தம்பி ஒருத்தர் 12 படத்துக்கு 15,000 ரூபாய்க்கு ஒத்துக்கிட்டார், அவர் உழைப்புக்கு அது கம்மிதான்.

கணக்கு இதுதான். 500 பிரதி அச்சு 62,000, படம் 15,000, பக்க வடிவமைப்பு 9,000, கூரியர் 14,000, மொத்தம் ஒரு லட்சம். மொழிபெயர்ப்பு, பிழை திருத்தம் பண்ண நாங்க யாரும் ஒரு பைசா எடுக்கல. கைல 37,500 இருக்கு, இன்னும் 62,500 வேணும். 300 பிரதிய பெண்கள் ஹாஸ்டல் நூலகங்களுக்கு இலவசமா அனுப்புறோம், மீதி நன்கொடையாளர்களுக்கும் விற்பனைக்கும், வித்து வர்ற பணம் மறுபதிப்புக்கு.

50 ரூபாய்னாலும் கொடுங்க, ரசீது உண்டு. கடைசி பக்கத்துல எல்லார் பேரும் வரும், அகர வரிசைல, தொகை போடாம. பேர் வேணாம்னா முன்னாடியே சொல்லிடுங்க. குழுல உங்களுக்கு யாரைத் தெரியுமோ அவங்ககிட்ட கேட்டா அக்கவுண்ட் விவரம் தருவாங்க, நேர்லயும் கொடுக்கலாம். பணம் முடியாதவங்க உங்க ஊர்ல இருக்கிற ஒரு பெண்கள் ஹாஸ்டல் நூலகத்தோட முகவரி அனுப்புங்க, கொண்டுபோய் கொடுக்க முடிஞ்சா இன்னும் நல்லது, கூரியர் செலவு மிச்சம். தை மாசம் முடியறதுக்குள்ள அச்சகத்துக்கு அட்வான்ஸ் கட்டணும், அதுக்கு முன்னாடி கிடைச்சா ஜூன்ல ஹாஸ்டல் திறக்கும்போது புத்தகம் அலமாரில இருக்கும்.