எல்லாச் சர்க்கரையும் வாயால் வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் 'வாயைக் கட்டினால் சர்க்கரை அண்டாது' என்று படித்தேன். மொரிஷியசில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அதனால் இந்த உபதேசம் இங்கே கோயில் வாசலிலும் கிடைக்கும், கல்யாணப் பந்தியிலும் கிடைக்கும். பெரும்பாலோருக்கு அது பொருந்தத்தான் செய்கிறது. என் தங்கை வீட்டுக்குப் பொருந்தவில்லை.

அவள் மகன் பந்து விளையாடுகிற பையன், எலும்பும் தோலுமாக இருப்பான். 21 வயதில் சர்க்கரை. தங்கைக்குத் தலைப்பிரசவத்தின்போதே வந்துவிட்டது. எங்கள் அம்மாவுக்கு முப்பதுக்கு முன்பே. மூவரில் ஒருவரும் பருமன் இல்லை. (எனக்கு 64, இன்னும் வரவில்லை.) ஆனாலும் பாயசமும் கேக்கும் ஊட்டிக் கெடுத்தாள் என்று பழி தங்கை தலையில்தான் விழுந்தது.

பையனுக்கு இன்சுலின் ஊசி தொடங்கினார்கள். பிறகு பார்த்த ஒரு மருத்துவர்தான் 'அம்மாவுக்கு எப்போது, பாட்டிக்கு எப்போது' என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். கணையத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இல்லை. சி-பெப்டைட் இருந்தது, அதாவது கணையம் இன்னும் இன்சுலின் சுரக்கிறது. ரத்த மாதிரி வெளிநாடு போய்வந்ததில், எச்என்எஃப்1ஏ என்ற மரபணுவில் மாற்றம் என்று தெரிந்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் வேறு பல மரபணுக்களை வேலை வாங்குவது அது. அது பழுதானால் சர்க்கரை ஏறினாலும் செல் போதிய இன்சுலினை வெளிவிடாது. வயது ஏற ஏற இன்னும் குறையும். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இப்போது பையனுக்கு ஊசி இல்லை. சிறிய அளவில் கிளிக்லசைடு மாத்திரை மட்டும். செல்லுக்குள் சர்க்கரை எரிந்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு உண்டாக, அது செல் சவ்வின் பொட்டாசியம் வாயிலை மூடும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் வெளியேறும். மாத்திரை நேராகப் போய் அந்த வாயிலை மூடிவிடுகிறது. அந்தப் பொட்டாசியம் வாயிலே பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. ஆறு மாதம் நிறையும் முன்பே சர்க்கரை வரும் அவர்களிடம் கேசிஎன்ஜே11 மரபணு மாற்றத்தை 2004இல் கண்டுபிடித்தார்கள். அவர்களிலும் பலர் பின்னர் ஊசியை விட்டு இதே வகை மாத்திரைக்கு மாறினார்கள். குளுக்கோகைனேஸ் மரபணுவில் மாற்றம் இருப்பவர்களுக்கோ சர்க்கரை சற்றே கூடி அப்படியே நிற்கும். கர்ப்ப காலம் தவிரப் பெரும்பாலும் மருந்தே வேண்டாம்.

இவர்கள் நோயாளிகளில் மிகச் சிலர்தான். அந்தச் சிலரைக் கண்டுபிடிக்க, ஒல்லியான இளவயதினருக்குச் சர்க்கரை வந்து, பெற்றவருக்கும் அவரைப் பெற்றவருக்கும் இளமையிலேயே வந்திருந்தால், சி-பெப்டைட், எதிர்ப்பொருள் சோதனைகள் பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொல்லி ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். யாரும் ஊசியைத் தாமாக நிறுத்த வேண்டாம் என்பதையும் அதிலேயே கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்